ஊசியாரின் கறுத்த விரல்

"ஊருக்கே ஊசி போடற கை இது. இந்த உடம்புல ஊசி குத்த இன்னொருத்தர் இனிமேதான் பொறந்து வரணும்."

ஆய்வுக்கூட ஊழியர்களுக்குக் காய்ச்சல் தடுப்பூசி போட வந்த நர்ஸிடம் ஊசியார் இவ்வாறு திருவாய் மலர்ந்தார். வலது கையை உயர்த்திக் காட்டி, கேண்டீனில் இருந்த அத்தனை பேரும் பார்த்துவிட்டார்கள் என்பது உறுதியான பிறகே கீழே இறக்கினார். நர்ஸ் அந்தக் கையை ஏற இறங்கப் பார்த்தாள். "சரி சார், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. அடுத்தவங்க வரட்டும்" என்றாள். வரலாறு படைக்கப்படும் இடங்களிலெல்லாம் இப்படி அக்கறையில்லாத சாட்சி ஒன்று நின்று தொலைக்கும்.

முதலில் 'ஊர்' என்ற சொல்லுக்குப் பொருள் சொல்லிவிட வேண்டும். ஊசியார் டாக்டர் இல்லை. கம்பவுண்டர் இல்லை. கால்நடை ஆஸ்பத்திரியில் மாட்டின் வாலைப் பிடித்துக்கொள்கிறவர்கூட இல்லை. அவர் ஊசி போட்ட ஊரின் குடிமக்கள் எல்லோரும் புழுக்கள். தேன்கூட்டுக்குள் புகுந்து மெழுகைத் தின்று, தேனீ வளர்ப்பவர்களின் சாபத்தை வாங்கிக் கட்டிக்கொள்ளும் மெழுகுப் புழுக்கள். சுண்டுவிரல் நுனி அளவு, வெண்ணெய் நிறம், கொழுகொழு உடம்பு. ஊசியாரின் சொற்பொழிவுகளை எழுந்து போகாமல் கேட்ட ஒரே இனமும் அதுதான். மூடி போட்ட டப்பாவுக்குள் இருந்ததால் அதற்கு வேறு வழியில்லை.

புதிய மருந்துகளைத் தேடும் ஆய்வுக்கூடம் அது. ஆஸ்பத்திரிப் புண்களிலிருந்து எடுத்த முரட்டு பாக்டீரியாக்களைப் புழுவுக்குள் செலுத்துவார்கள். பிறகு மருந்தைச் செலுத்துவார்கள். புழு பிழைக்கிறதா, போகிறதா என்று பார்ப்பார்கள். எலிதானே சரி என்று கேட்கலாம். எலிக்கு இப்போது கேட்க ஆள் இருக்கிறது. அதைத் தொடுவதற்கு முன் ஏழெட்டுப் பேரிடம் அனுமதி வாங்க வேண்டும். புழுவுக்காகப் பரிந்து பேச உலகத்தில் யாரும் இன்னும் நாற்காலி போட்டு உட்காரவில்லை. மேலும், கிருமி உள்ளே நுழைந்த முதல் சில மணி நேரத்தில் புழுவின் உடம்பு எடுக்கும் தற்காப்புக்கும் நம் உடம்பு எடுக்கும் தற்காப்புக்கும் கொஞ்சம் குடும்பச் சாயல் உண்டு. ஒன்றுவிட்ட பெரியப்பா வீட்டுச் சாயல். அந்த 'கொஞ்சம்' என்ற சொல்லைத்தான் ஊசியார் காதில் வாங்கவே இல்லை.

இந்த வேலைக்கு வருமுன் அவர் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தார். ஆய்வுக்கூடத் தலைவியான டாக்டரம்மா, காம்பு கழன்ற தன் கண்ணாடியை அங்கே கொண்டுபோனார். கடுகில் பாதி அளவுள்ள திருகாணியை இந்த மனிதர் ஒரே தொடுதலில் பொருத்தியதைப் பார்த்து, "புழுவுக்கு ஊசி போட வர்றீங்களா?" என்று கேட்டுவிட்டார். "டாக்டரம்மா கண்ணைத் தொறந்து வெச்சதே நான்தான்" என்று அன்றுமுதல் சொல்லிக்கொண்டிருக்கிறார். டாக்டரம்மாவும் வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை, பூச்சிகளை ஆராய்ந்து பட்டம் வாங்கியவர். ஆனால் அக்கம்பக்கத்தில் ஊசியார் அந்த வேறுபாட்டை வெளியிடுவதில்லை. "நானும் டாக்டரம்மாவும் ஒரு கேஸ் பார்த்தோம்" என்று ஆரம்பித்தால் கேட்பவர் அந்தக் கேஸ் யாரோ மனுஷனாக்கும் என்று நினைத்துக்கொள்வார். நினைத்துக்கொள்ளட்டுமே என்று இவர் மேற்கொண்டு போவார்.

திறமை இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பாவம் வந்து சேரும். இடது கை ஆள்காட்டி விரலுக்கும் கட்டை விரலுக்கும் நடுவே புழுவை மல்லாத்திப் பிடித்து, வயிற்றடியில் குட்டையாக முளைத்த பொய்க்கால்களில் கடைசியைப் பிதுக்கி, வலது கையால் மயிரிழை ஊசியை அந்தக் காலின் வழியே உள்ளே விட்டு, ஒரு சொட்டில் ஐந்தில் ஒரு பங்கைச் செலுத்தி வெளியே எடுப்பார். புழுவுக்குக் குத்தியது தெரியுமோ தெரியாதோ, ஒரு துளி வெளியே கசியாது. மற்றவர்கள் குத்தினால் நாலில் ஒரு புழு ஊசியாலேயே செத்துப்போகும். இவர் குத்தினால் சாகிற புழு முறைப்படி பாக்டீரியாவால் மட்டுமே சாகும். திறமையோடு அவர் நின்றிருந்தால் அவரைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அவருக்கு ஞானமும் வந்துவிட்டது.

ஞானம் வந்த வழி காது. ஆய்வுக்கூடத்தைப் பார்க்க வரும் விருந்தினர்களுக்கு டாக்டரம்மா விளக்குவதை ஒட்டுக்கேட்டே அவர் பூச்சியியலில் கரை கண்டார். புழுவின் உடம்பில் நம்மைப் போல நரம்பு நரம்பாக ரத்தக்குழாய் கிடையாது. உடம்பே ஒரு பை, அதில் ரத்தம் தளும்பிக்கொண்டிருக்கும். கிருமி நுழைந்ததும் ரத்தத்தில் மிதக்கும் அணுக்கள் ஓடிவந்து முடிந்த மட்டும் விழுங்கும். விழுங்க முடியாத கூட்டத்தைச் சுற்றி வளைத்துக் கட்டியாக்கிச் சிறை வைக்கும். அந்த இடத்தில் மெலனின் என்கிற கறுப்புப் பொருள் படிந்து, காயத்தை அடைத்துக் கிருமியை நெரிக்கும். அதற்குள் புழுவின் கொழுப்புத் திசு விழித்துக்கொண்டு, பாக்டீரியாவின் தோலையே ஓட்டை போடுகிற குட்டிக் குட்டிப் புரதங்களைத் தயாரித்து அனுப்பும். முதல் நாள் வலுவில்லாத கிருமியைக் கொஞ்சமாகக் கொடுத்துவைத்தால், மறுநாள் வலுவான கிருமி வரும்போது காவல் ஏற்கெனவே வாசலில் நிற்கும். இதெல்லாம் அசல் உண்மை. ஆனால் இவ்வளவு உண்மையும் ஒரே மனிதருக்குள் இறங்கினால் அவர் தாங்குவாரா?

தாங்கவில்லை. "புழுவுக்கு யார் மாத்திரை கொடுத்தா?" என்று கேட்க ஆரம்பித்தார். தும்மினவரிடம் கேட்டார், இருமினவரிடம் கேட்டார், கால் சுளுக்கியவரிடமும் கேட்டார். சுளுக்குக்கும் பாக்டீரியாவுக்கும் என்ன உறவு என்று எதிர்க்கேள்வி கேட்கிற சுறுசுறுப்பு நொண்டுகிறவருக்கு இருப்பதில்லை. எந்த உபதேசமும் ஒரே மந்திரத்தில் முடியும்: "கறுத்தா கவலையில்ல."

அந்த மந்திரத்தை முழுசாக நம்பிய ஒரே சீடர் அவர் வீட்டு மாடியில் குடியிருந்த பத்திர எழுத்தர். கடைவாய்ப் பல் வலிக்கிறது என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தார். ஊசியார் டார்ச் அடித்துப் பார்த்தார். "பல்லு கறுத்திருக்கு. நல்ல அறிகுறி. உள்ள காவல் போட்டாச்சு" என்றார். எழுத்தர் மனநிறைவோடு மாடியேறினார். அந்தக் காவலைத் தாண்டிக் கிருமி பக்கத்துப் பல்லையும் பார்வையிட்டுவிட்டது. இரண்டையும் பிடுங்கிய பல் வைத்தியர், "இத்தனை நாள் யார்கிட்ட காட்டினீங்க?" என்று கேட்டாராம். பஞ்சைக் கடித்துக்கொண்டிருந்ததால் சீடர் குருவைக் காட்டிக்கொடுக்கவில்லை.

இத்தனைக்கும் ஊசியாரின் மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. பகலெல்லாம் ஊருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்துவிட்டு, மாலையில் மாத்திரையின் பரம விரோதிக்குச் சோறு போட வேண்டியது அந்த அம்மாளின் விதி. கடைக்கு வருகிறவர்கள், "உங்க வீட்டுக்காரர் மாத்திரையே வேணாங்கறாரே" என்று கேட்டால், "அவர் வேணாங்கறார். உங்களுக்குக் காய்ச்சல் அடிக்குதா இல்லையா?" என்று கேட்டுவிட்டுச் சீட்டை வாங்கிக்கொள்வார்.

இனி விரலுக்கு வருவோம்.

ஊசி அறையின் சுவரில் ஒரு பலகை தொங்கியது. ஊசி கையில் பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். டாக்டரம்மாவிடம் சொல்ல வேண்டும். ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆணியடித்து அதை மாட்டியவர் ஊசியார். வேலைக்குப் புதிதாக வருகிற எவரையும் அதன் முன்னால் நிறுத்தி வாய்விட்டுப் படிக்கச் சொல்வார். "இது உங்களுக்காக. எனக்குத் தேவைப்பட்டதில்ல" என்று பின்குறிப்பும் சேர்ப்பார்.

அன்று காலை அவர் செலுத்திக்கொண்டிருந்தது ஒரு நோயாளியின் ஆறாத புண்ணிலிருந்து எடுத்த பாக்டீரியா. வழக்கமான மாத்திரைகளைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிற ரகம். பக்கத்து மேஜையில் தேனக்கா புழு பொறுக்கிக்கொண்டிருந்தார். புழுக்களுக்குத் தவிடும் மெழுகும் தேனும் பிசைந்து தீனி வைப்பது அவர் வேலை. கை எந்நேரமும் தேன் மணக்கும், அதனால் அந்தப் பெயர். நாக்குக்கும் அந்தப் பெயருக்கும் சம்பந்தமில்லை. அவரிடம் ஊசியார், புழுவைப் பார்க்காமலே தன்னால் ஊசி போட முடியும் என்பதை விளக்கிக்கொண்டிருந்தார். விளக்குவதற்காகப் புழுவைப் பார்க்காமலே ஊசியும் போட்டார். புழு நெளிந்தது. ஊசி கையுறையைத் தாண்டி, இடது கை ஆள்காட்டி விரலின் நுனியில் இறங்கியது.

"என்ன, பேச்சு பாதியில நின்னுபோச்சு?" என்றார் தேனக்கா நிமிராமல். பேச்சு நிற்பது அங்கே அபூர்வம்.

"யோசிக்கிறேன்."

"அதான் பார்த்தேன். பழக்கமில்லாத வேலை, மெதுவாவே செய்யுங்க."

ஊசியார் கையுறையை மாற்றிக்கொண்டார். கழுவவில்லை, கழுவினால் தேனக்கா பார்ப்பார். டாக்டரம்மாவிடம் சொல்லவில்லை, சொன்னால் பலகையின் முன்னால் தன்னையும் நிறுத்திப் படிக்கச் சொல்வார்களே என்ற நினைப்பு. பாக்டீரியாவுக்கு இதைவிட நல்ல ஆதரவாளர் கிடைத்திருக்க முடியாது.

முதலில் விரல் நுனியில் ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது. உள்ளே கட்டிய துளி ரத்தம். ஊசியாருக்கு உள்ளம் பூரித்தது. மாலையில் அடுப்படிக்குப் போய் மனைவியின் மூக்குக்கு நேராக விரலை நீட்டினார்.

"பார்த்தியா? மெலனின்."

"அது யாரு?"

"யாருமில்ல. கறுப்பு. காயத்தை அடைச்சுட்டுது. புழுவுக்கு அப்படியே இதே மாதிரிதான் வரும்."

"எதுல குத்திக்கிட்டீங்க?"

"வெறும் ஊசி. சுத்தமான ஊசி."

மனைவி விரலைத் திருப்பிப் பார்த்தார். "டாக்டர்கிட்ட காட்டிடுங்க."

"எதுக்கு? உள்ள ஒரு பட்டாளமே வேலை செஞ்சுட்டிருக்கு. நடுவுல நான் போய் மாத்திரையைக் கொட்டினா அதுங்க என்ன நினைக்கும்? இவனுக்கு நம்ம மேல நம்பிக்கையில்லன்னு நினைக்காதா?"

"நெனச்சா நெனச்சுட்டுப் போகுது. அதுங்ககிட்ட நான் பேசிக்கறேன். கிளம்புங்க."

கிளம்பவில்லை. அடுத்தடுத்த நாட்களில் விரல் வீங்கியது. கத்தரிக்காய் நிறம் வந்தது, மினுமினுப்பு வந்தது. நுனி கறுத்தது. ஊசியாரின் நம்பிக்கையும் அதே அளவில் வீங்கிக்கொண்டே போனது. பருக்கையை வலது கையால் பிசைந்துகொண்டு, இடது கையைத் தலையணைமேல் சிம்மாசனத்தில் வைத்ததுபோல் வைத்துக்கொண்டு, போர்க்கள நிலவரத்தை அறிவித்தார். "இப்ப சுத்தி வளைக்குது." "இப்ப ஓட்டை போடுது." மணிக்கட்டை நோக்கி ஒரு சிவப்புக் கோடு கிளம்பியபோது, "துணைப்படை வருது" என்றார். அது வரவில்லை, போய்க்கொண்டிருந்தது. திசையில் சிறு பிசகு.

கறுப்பு ஒன்று என்றாலும் அதற்கு இரண்டு பொருள் உண்டு என்பது அவருக்குத் தெரியாத விஷயமே இல்லை. குத்திய இடத்தில் மட்டும் புள்ளியாகக் கறுத்த புழு நாளைக்கும் நெளியும். உடம்பெல்லாம் கறுத்த புழு நெளியாது. பல ஆயிரம் புழுக்களைப் பார்த்துத் தரம் பிரித்த கண் அது. ஆனால் கண் வெளியே பார்க்க அமைந்திருக்கிறது. சொந்த விரல் என்று வந்தால் எட்டாத தூரம்.

மனைவி மறுபடியும் பிடித்துக்கொண்டார். இம்முறை குரலை உயர்த்தாமல், காய் நறுக்கிக்கொண்டே கேட்டார்.

"உங்க புழு பொழைச்சுட்டா அப்புறம் என்ன ஆகும்?"

"பொழைச்சுதுன்னு எழுதிக்குவோம்."

"எழுதின பிறகு?"

"ஃப்ரீசர்ல போட்டுருவோம்."

"செத்ததை?"

"ரெண்டையும்தான்."

"பொழைச்சதையுமா?"

"கிருமி உள்ள இருக்குமில்ல. வெளிய விட முடியாதே."

"அப்ப உங்க பட்டாளம் ஜெயிச்சும் ஃப்ரீசர்தான். தோத்தும் ஃப்ரீசர்தான்." வெட்டிய காயைச் சட்டியில் தள்ளினார். "புழுவுக்கு யார் மாத்திரை கொடுத்தான்னு கேக்கறீங்களே, அதுக்கு யாரும் கொடுக்கலை, ஏன்னா செத்தா அழறதுக்கு அதுக்கு ஆளில்ல. எனக்கு அந்த வசதி இல்ல. இருபது வருஷமா உங்களோட இருந்துட்டேன்."

"கடையிலேருந்து வேணா ரெண்டு மாத்திரை எடுத்துட்டு வாயேன். யாருக்கும் தெரியாம..."

இது ஒரு பெரிய சரிவு. புழுவின் தத்துவத்தை அவர் முதல்முறையாக விட்டுக்கொடுத்தார், அதுவும் திருட்டுத்தனமாக. மனைவி கத்தியைக் கீழே வைத்தார்.

"சீட்டு இல்லாம நான் யாருக்கும் எடுத்துக் கொடுக்கறதில்ல. என்ன கிருமி, எந்த மருந்து கேக்கும்னு தெரியாம கொடுத்தா அது மருந்தில்ல, குலுக்கல் சீட்டு. டாக்டர்கிட்ட வாங்க. நான் கூட வரேன்."

"கூட்டிட்டுப் போய்க் குத்த விடுவே."

"குத்தணும்னா குத்துவாங்க. அதுல என்ன?"

உண்மையில் அதில் இருந்தது ஒன்றே ஒன்று: ஊசியார், ஊசிக்குப் பயந்தார். இது அவருக்கே அவ்வளவாகத் தெரியாது. தத்துவம் என்பது பெரும்பாலும் இதைப்போல ஏதாவது ஒன்றின் மேல் போர்த்திய சால்வை.

மறுநாள் ஆய்வுக்கூடத்தில் இடது கையுறை ஏறவில்லை. பெரிய அளவுக் கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டார். புழுவைப் பிடித்தால் புழு வழுக்கி விழுந்தது. பிடித்தார், விழுந்தது. மேஜையடியில் அவர் புழு தேடுவதைத் தேனக்கா ரசித்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஊசியாரே, இன்னிக்குப் புழுவெல்லாம் உங்களுக்கு வணக்கம் சொல்லுது, காலடியில வந்து விழுது."

"வழுக்குது. தேனு ஜாஸ்தி போட்டுட்டீங்க."

"தேனு எப்பவும் போலத்தான். உங்க கை பக்கெட்டு மாதிரி இருக்கே, என்ன அது?"

"கையுறை பெருசு."

"உள்ள இருக்கறது?"

ஊசியார் எழுந்து டாக்டரம்மாவின் அறைக்குப் போனார். நேராகக் கேட்பதற்கு மானம் இடம் கொடுக்கவில்லை. டாக்டரம்மா கணினித் திரையில் ஒரு வரைபடத்தின் கோட்டை மேலே தள்ளலாமா கீழே தள்ளலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். பூச்சிகளின் தற்காப்பைப் பற்றி அடுத்த வாரம் ஒரு பெரிய சபையில் பேசப்போகிறவர். எதிரில் நிற்கும் மனிதனைப் பார்க்க அவருக்கு நேரமில்லை.

"அம்மா, ஒரு சந்தேகம். ஒரு புழு. கொஞ்சம் பெரிய புழுன்னு வெச்சுக்குங்க."

"எவ்ளோ பெருசு?"

"அது... ஒரு அஞ்சரை அடி."

"ம்" என்றார் டாக்டரம்மா. ஐந்தரை அடிப் புழு அவரை உலுக்கவில்லை. கோடு முக்கியம்.

"அதுக்குக் குத்தின இடத்துல முதல்ல புள்ளியா கறுத்துச்சு. இப்ப நுனி முழுக்கக் கறுத்திருக்கு. வீக்கம் இருக்கு. மேல ஒரு சிவப்புக் கோடு ஏறுது. காவல் வேலை செய்யுதுன்னு எடுத்துக்கலாமில்ல?"

"காவலா? புள்ளியோட நின்னா காவல். பரவிடுச்சுன்னா காவல் தோத்துடுச்சு. அந்தச் சிவப்புக் கோடு புழுவுக்கு வராதே. ரத்தமே சிவப்பில்லையே அதுக்கு. மனுஷனுக்குத்தான் வரும். மனுஷனுக்குக் கறுத்தா அது மெலனின் இல்ல, ரத்தம் போகாம சதை செத்துட்டிருக்குன்னு அர்த்தம்." பேசிக்கொண்டே கோட்டை மேலே தள்ளினார். "எந்தப் பெட்டில இருக்கு அந்தப் புழு? பார்த்துட்டே இருக்காதீங்க. ஃப்ரீசர்ல போட்டுடுங்க."

ஊசியார் வணக்கமாகத் தலையாட்டிவிட்டு வெளியே வந்தார். தன்னை ஃப்ரீசரில் போடச் சொன்னதற்கு ஒருவர் இவ்வளவு பணிவாகத் தலையாட்டுவது அரிது.

ஊசி அறையில் யாருமில்லை. தேனக்கா சாப்பிடப் போயிருந்தார். மேஜையில் முந்தைய நாள் ஊசி போட்ட புழுக்கள் வட்டத் தட்டுகளில் கிடந்தன. மதியத்தில் அவற்றைக் கணக்குப் பார்க்க வேண்டும். முறை எளிது. மழுங்கிய இடுக்கியால் புழுவின் தலைப்பக்கம் மெல்லத் தொட வேண்டும். நெளிந்தால் உயிர். நெளியாவிட்டால் திரும்பத் தொட வேண்டும். அப்போதும் நெளியாவிட்டால் மூன்றாம் முறை. அதற்குமேல் தொடுவது புழுவுக்கும் அவமானம், தொடுகிறவருக்கும் அவமானம்.

உட்கார்ந்தார். தட்டுகளைப் பார்த்தார். புள்ளி வைத்த புழுக்கள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நெளிந்தன. முழுக்கக் கறுத்தவை கரித்துண்டு போலக் கிடந்தன. கையுறையைக் கழற்றினார், கழற்ற நேரமாயிற்று. இடது கையைத் தட்டுகளுக்கு நடுவே, இன்னொரு தட்டைப்போல வைத்தார். புதிய இடுக்கி ஒன்றை உறையிலிருந்து எடுத்து, விரலின் கறுத்த நுனியைத் தொட்டார்.

ஒன்றும் தெரியவில்லை.

திரும்பத் தொட்டார். அடிவிரல் தெறித்தது, உள்ளங்கை தெறித்தது, முழங்கை வரைக்கும் தெறித்தது. நுனி மட்டும் யாருடையதோ போலக் கிடந்தது. மூன்றாம் முறை கொஞ்சம் அழுத்தியே தொட்டார். பிறகு இடுக்கியை வைத்துவிட்டார். நான்காம் முறை தொட்டுப் பார்க்கத் தோன்றவில்லை. இத்தனை வருஷத்தில் எந்தப் புழுவுக்கும் அவர் அந்தச் சலுகையைக் காட்டியதில்லை.

அடுத்த கணமே அவருக்கு ஞானம் பிறந்தது என்று எழுத ஆசைதான். பிறக்கவில்லை. வியர்த்தது. திருகாணி எடுத்த விரல் அது. புழு பிடித்த விரல் அது. அது போனால் வலது கை எவ்வளவு பெரிய கலைஞனாக இருந்தாலும் எதைக் குத்தும்? வீட்டில் சோறு பொங்குவதும், கேண்டீனில் மரியாதை கிடைப்பதும், மனைவி இருபது வருஷமாகப் பொறுத்துக்கொண்டிருப்பதும் அந்த இரண்டு விரல்களின் இடுக்கில்தான் என்று அவருக்குத் தோன்றியது. கடைசிக் காரணம் பொய். ஆனால் மற்றவை உண்மை.

மருந்துக்கடையில் கூட்டம் இருந்தது. ஊசியார் வரிசையில் நின்றார். முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்து, "நீங்களா? இங்கயா?" என்றார். ஊசியார் கண்ணாடி அலமாரியில் இருந்த பற்பசையை ஆழ்ந்து படித்தார். முறை வந்தபோது மனைவி நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன வேணும்?"

ஊசியார் விரலைக் கவுண்டர் பலகைமேல் வைத்தார்.

மனைவி அதைப் பார்த்தார். உள்ளே திரும்பி, "நான் கிளம்பறேன், கடையைப் பார்த்துக்குங்க" என்றார். வெள்ளைக் கோட்டை ஆணியில் மாட்டினார். கவுண்டரின் மடிப்புப் பலகையைத் தூக்கிவிட்டு வெளியே வந்து, புருஷனின் நல்ல கையைப் பிடித்தார். சொற்பொழிவுக்குத் தயாராக வந்திருந்தவர்போல ஊசியார் இரண்டு முறை வாயைத் திறந்தார். "நடங்க" என்றார் மனைவி.

ஆஸ்பத்திரி டாக்டர் விரலைத் தொடுவதற்கு முன்பே நெற்றியைச் சுருக்கிவிட்டார். சிவப்புக் கோட்டைப் பேனாவால் எல்லை குறித்தார். முழங்கையின் உள்பக்கம் அழுத்திப் பார்த்தார்.

"எதுல குத்திச்சு?"

ஊசியார் மனைவியைப் பார்த்தார். "ஊசி."

"சுத்தமான ஊசின்னு சொன்னாரு" என்றார் மனைவி.

"சுத்தமான ஊசி இப்படிப் பண்ணாதே" என்றார் டாக்டர். "சார், எங்க வேலை செய்யறீங்க? ஊசியில என்ன இருந்துச்சு? அது தெரிஞ்சா நேரா அதுக்கான மருந்தைக் கொடுக்கலாம். தெரியலன்னா நாங்க தேடணும். தேடறதுக்கு இந்தக் கைக்கு நேரம் இல்ல."

ஊசியார் குரலைத் தாழ்த்தி அந்த பாக்டீரியாவின் பெயரைச் சொன்னார். எந்தெந்த மருந்துக்கு அது அசையாது, எதற்குச் சாகும் என்பதையும் சொன்னார். அதைக் கண்டுபிடிக்கத்தான் அத்தனை புழுக்களையும் அவர் குத்தினார். ஒன்றுவிடாமல் தெரிந்து வைத்திருந்தார். ஆற்றில் மூழ்கிக்கொண்டே நீச்சலைப் பற்றி அறிந்ததையெல்லாம் சொல்வது போல இருந்தது.

டாக்டர் எழுதிக்கொண்டார். மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கையைக் காப்பாத்திடலாம்" என்றார் டாக்டர். "நுனி என்ன ஆகும்னு இப்பச் சொல்ல முடியாது. இன்னிக்கே அட்மிட் ஆகணும். மாத்திரை போதாது. நரம்புல ஏத்தணும்."

"நரம்புலன்னா..."

"ஊசிதான்" என்றார் மனைவி, சுவரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

படுக்கையில் உட்கார வைத்தார்கள். தட்டோடு வந்த நர்ஸுக்கு வயது குறைவு, வேலையும் புதிது; ஊசியின் உறையைக் கழற்றுகிற விதத்திலேயே அது தெரிந்தது. ஊசியாருக்கு உடனே தெரிந்தது. ஊசியை அவள் மிக மேலே பிடித்திருந்தாள். சாய்வு கொஞ்சம் அதிகம். இதைப் பற்றி அரைமணி நேரம் பேச அவரிடம் விஷயம் இருந்தது.

"அந்தக் கையில போட முடியாது சார், வீங்கியிருக்கு. வலது கையைக் கொடுங்க."

அவர் வலது கையைத் தொடைமேல் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். இடது கையால் சட்டைக் கையை மடிக்க முடியவில்லை. மனைவி வந்து மடித்துவிட்டார். மடித்துவிட்டுத் தள்ளிப் போகாமல் அங்கேயே நின்றார்.

"பயமா இருந்தா அந்தப் பக்கம் பார்த்துக்குங்க" என்றாள் நர்ஸ்.

அவர் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டார். அந்தப் பக்கம் மனைவியின் புடவைதான் இருந்தது. நர்ஸ் குத்தினாள், உள்ளே தேடினாள், வெளியே எடுத்தாள். பஞ்சை வைத்து அழுத்தியபடி, "நரம்பு நழுவிடுச்சு சார், மன்னிச்சிருங்க. இன்னொரு தடவை குத்தட்டுமா?" என்றாள்.

"குத்தும்மா" என்றார், முகத்தைத் திருப்பாமலே.